மைனியின் மூச்சுக்கு ஒரு வேகம்

நிமோனியாவில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த தன் மனைவியை, என் மைனியை, அண்ணன் நேரே அருமனையில் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் வடசேரியில் எங்கள் வீட்டில் விட்டுப் போனான். செக்கப்புக்குப் போய்வர இதுதான் வசதி. மைனி சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷம் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க் குரல், பாடியவள். இப்போது ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் கோயிலில் பியானோ வாசிப்பேன். அந்தச் சமயம் பரோக் காலத்து சராபாண்ட் ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்று எண்ணிக்கையில் நடக்கும் நிதானமான நடன இசை அது. லூட் என்ற தந்திக் கருவிக்காக எழுதியது. வேகம் எவ்வளவு என்று தாளில் ஒரு குறிப்பும் இல்லை. லூட்டில் மீட்டிய கையோடு ஒலி மங்கிவிடும். பியானோவில் பெடலை மிதித்தால் நின்று முழங்கும். அந்த முழக்கத்தில் எனக்கு ஒரு ஆசை. பக்கத்து அறையில் உடம்புக்கு முடியாதவள் வேறு படுத்திருக்கிறாள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு ஐம்பது தட்டில் வைத்து, தூங்க வைப்பதுபோல வாசித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மைனி சுவரைப் பிடித்து நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டே கீழ்க் குரலைக் கூடவே பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் இருமல் வந்துவிட்டது.

"வேண்டாம் மைனி, போய்ப் படுங்க."

"இன்னொருக்க வாசி."

இன்னும் மெதுவாக வாசித்தேன். இந்த முறை முதல் வரியையே அவளால் முடிக்க முடியவில்லை.

"என்னத்துக்கு மக்கா இப்படி இழுக்க?" என்றாள். "என்னப் பாத்துப் பாவப்படாத. நீ மெதுவா போனா, அது வரைக்கும் நான்லா மூச்சப் பிடிச்சிட்டு நிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. மெட்ரோனோமை ஏற்றி அறுபதில் வாசித்தேன். பிறகு அறுபத்தெட்டில். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எழுபத்திரண்டில், மைனி முதல் வரியை ஒரே மூச்சில் பாடி முடித்தாள். சுரங்களுக்கு நடுவே கொஞ்சம் காற்று புகுந்தது. இத்தனை நாள் முழக்கத்தில் அமுங்கிக் கிடந்த கீழ்க் குரல் தனியாக எழுந்து நடந்தது.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

அதன்பிறகு தினமும் ஐந்து மணிக்கு வந்து உட்காருவாள். நான் மெட்ரோனோமைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய தோளைப் பார்ப்பேன். அது உயர்ந்தால் அடுத்த வரியைத் தொடங்குவேன்.

அண்ணன் வந்து அவளை ஊருக்குக் கூட்டிப் போகவிருந்த ஞாயிறு காலை ஆராதனையில், காணிக்கை எடுக்கும் நேரத்தில் அதையே வாசித்தேன். முடிந்ததும் குழுத் தலைவர் என்னிடம் வந்து, "சராபாண்டுக்கு இது கொஞ்சம் ஸ்பீடு இல்லியா, சிஸ்டர்?" என்றார்.

"எங்க வீட்டுல இதுதான் ஸ்பீடு," என்றேன்.

மைனி முன்வரிசையில் அண்ணன் பக்கத்தில் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.