ஒரு சல்யூட்டின் மேல்முறையீடு

பிற்பகல் மூன்றே காலுக்கு ஃபோன் வந்தது. ஃபைல் அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று அவருடைய தம்பி சொன்னார். கேட்டதும் சட்டை மாற்ற உள்ளே போன அப்பா, வலது கையை நுழைக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

அக்கா மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்; அதனால்தான் அந்தப் பெயர். ஓய்வு பெற்றபின், ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். கட்டணம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

ராணுவ லாரி கவிழ்ந்து அப்பாவின் வலது தோள் போனது. ராணுவ மருத்துவரின் பரிசோதனை அறிக்கையோ, 'வலது கை தடையின்றி உயர்கிறது, ஊனம் இல்லை' என்றது. அந்த ஒரு வரியால் சிகிச்சையும் நின்றுபோனது. கடைசியில் அக்காவிடம் போனோம். அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"டாக்டர் கையத் தூக்கச் சொன்னாரா அண்ணா?"

"இல்லம்மா. உக்காரக்கூடச் சொல்லல."

"தொட்டாவது பாத்தாரா?"

"இல்ல."

"அப்ப கை தூக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது, ஜோசியம் பாத்தாரா?"

அப்பா தரையைப் பார்த்தார். "உள்ள போனதும் சல்யூட் வெச்சேன். அவர் மேஜர்."

அக்கா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பல்லக் கடிச்சுக்கிட்டுத்தானே?"

பரிசோதனை நடந்த அன்று மாலை அப்பாவின் தோளுக்கு ஒற்றடம் கொடுத்ததை நான் சொன்னேன். அதையும் தேதியோடு குறித்துக்கொண்டார்.

அக்கா சல்யூட்டை மறைக்கவில்லை. அதையே முதல் பத்தியாக வைத்தார். மருத்துவர் கண்டது ஒரு சல்யூட் மட்டுமே. கோணத்தை அளக்கவில்லை, வலியைக் கேட்கவில்லை. இது பரிசோதனை ஆகாது என்று எழுதினார். மறுபரிசோதனைக்கு உத்தரவு வந்தது. அதற்குப் புறப்படும்போது அக்கா அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னார்: "மரியாதைய வாயால சொன்னாப் போதும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, அது கோழைத்தனம் இல்ல."

இந்த முறை மருத்துவர் கருவி வைத்து அளந்தார். கை தோள் மட்டத்துக்கு வரும் முன்பே நின்றுவிட்டது. ஐந்து வாரத்தில் ஊனம் ஏற்கப்பட்டது, நின்றுபோன சிகிச்சையும் தொடங்கியது. இப்போது அப்பா வலியில்லாமல் ஒருக்களித்துத் தூங்குகிறார். அந்தத் தூக்கம் அக்கா கொடுத்தது.

இன்று அப்பா அவர் காலடியில் விறைப்பாக நின்றார். கையை உயர்த்தவில்லை. "வணக்கம்மா" என்று வாயால் மட்டும் சொன்னார்.

அக்காவின் மேசையில், காது கேட்காமல் போன ஒரு ராணுவ டிரைவரின் ஃபைல் திறந்திருந்தது. 'மருத்துவர் செய்யாதவை' என்ற தலைப்பின் கீழ் இரண்டு எழுதியிருந்தார். மூன்று என்ற எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை.