ஒரு பிடி பூசணம்

என் அம்மா பூசணம் வளர்த்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அவிநாசிப் பக்கம் மற்ற வீடுகளில் ஊறுகாயில் பூசணம் பூத்தால் வழித்து எறிவார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் தெளித்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில், தொடர்ந்து இரண்டு வருஷம் எங்கள் மஞ்சள் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. இனி மஞ்சளே வேண்டாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மா கோயமுத்தூரில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு திரும்பினாள். கிழங்கை அழுகவைக்கும் பூசணத்தைத் தின்றுவிடும் பச்சைப் பூசணமாம் அது. மக்கிய சாணத்தில் கலந்து நிழலில் மூடி வைத்தால் பெருகும், நடும்போது மண்ணில் போடவேண்டும் என்றாள். அப்பா அரைமனதாக ஐந்து பாத்தி ஒதுக்கினார். அதிலும் அழுகினால் மஞ்சளுக்கு முழுக்குத்தான்.

குவியல் பச்சை பூத்த சமயத்தில் மாரியம்மன் நோம்பி வந்தது. விருந்துக்கு வந்த அத்தை, அப்பாவின் அக்கா, சாக்கைத் தூக்கிப் பார்த்து, "பூசணம் புடிச்சதையெல்லாம் பொத்திப் பொத்தி வெச்சிருக்கறயே அம்மணி" என்று சிரித்தார். எனக்கு மானமே போனது. ஒன்பது வயதில் நான் அறிந்த வைத்தியம் ஒன்றுதான், பூசணம் பிடித்தால் வெயிலில் போடவேண்டும். மறுநாள் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பியபோது தலைவலி என்று நின்றுகொண்டேன். குவியலைக் கூடை கூடையாக அள்ளிக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறி விட்டேன். சாயங்காலத்துக்குள் பச்சை வெளுத்துச் சாம்பலாகிவிட்டது.

அம்மா வந்ததும் ஓடிப்போய், "அத்தனையும் நானே காய வெச்சுப்போட்டேம்மா" என்றேன். அவள் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். விரலிடுக்கில் தூசியாக உதிர்ந்தது. அதற்குள் அப்பாவும் பின்னால் வந்துவிட்டார்.

"ஏம்புள்ள, என்ன இது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒரு நாளைக்குக் காயோணுமுங்க. நாந்தான் கண்ணுகிட்டச் சொல்லிப்போட்டு வந்தேன்."

குவியல் இருந்த இடத்தில் நான் அள்ளாமல் விட்ட ஈரத்தை அம்மா வழித்தெடுத்தாள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் அதைப் புதுச் சாணத்தில் கலந்தாள். நடவு இருபது நாள் தள்ளிப்போனது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த ஐந்து பாத்தியில் ஒரு கிழங்குகூட அழுகவில்லை.

அடுத்த வருஷம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்துகூட ஆட்கள் பையோடு வந்து ஒரு பிடி கேட்டார்கள். கடைக்காரி மாதிரி நானே அள்ளிப் போடுவேன். அப்பா அவர்களிடம், "ஒரு நாள் நல்லா வெயில்ல காயப் போடோணுமுங்க, அதுலதான் சூட்சுமமே இருக்குது" என்று பாடம் நடத்துவார். அம்மா வண்டி வரைக்கும் கூடவே போய், "வெயிலே படக்கூடாதுங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வருவாள்.

அப்பாவின் பெருமை குலையக்கூடாதென்றுதான் அவரைத் திருத்தாமல் விடுகிறாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவரைத் திருத்த வேண்டுமானால், அன்றைக்கு யாரும் சொல்லாமல் நானாகவே காயப் போட்டேன் என்பதையும் அவள் சொல்லியாகவேண்டும். அது எனக்கு அப்போது புரியவில்லை.