லிஃப்ட்காரி வீடு பார்க்கிறாள்

சமையலறைச் சுவரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுகிறாள். ஓரடி நகர்ந்து இன்னும் மூன்று. "பைப்பு பழசுதான். ஆனா தாங்கும்ணே," என்கிறாள் என்னிடம். வீடு பார்க்க வருகிறவர்கள் அலமாரியைத் திறப்பார்கள், ஜன்னலில் வெளிச்சம் பார்ப்பார்கள். இவள் சுவரிடம் நலம் விசாரிக்கிறாள்.

தொழில் அப்படி. பன்னிரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் டார்ச், மேல்பையில் ஸ்க்ரூ டிரைவர், முழங்கையில் எந்த சோப்புக்கும் மசியாத கிரீஸ். இந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவள் 'லிஃப்ட்காரி'. ஆனால் புதிய கட்டடத்துக்குள் நுழைந்தால் லிஃப்டில் ஏற மாட்டாள். கடைசியாகப் பழுது பார்த்த தேதி எழுதி ஒட்டியிருக்குமே, அதைப் படித்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் படியில் ஏறுவாள். வீட்டுத் தரகனான நானும் மூட்டுவலியோடு பின்னாலேயே ஏறித் தொலைக்க வேண்டும். இது ஏழாவது வீடு. ஆறாவது வீட்டுக்காரர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியபோது, "உங்க லிஃப்ட் கயிறு தேஞ்சிருக்கு சார், பாத்துக்குங்க," என்று மூடிய கதவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆறு வீடும் கைநழுவியதற்கு அவள் கணவன்தான் காரணம் என்பார்கள். என்னைக் கேட்டால் அவள் வாய்தான் காரணம்.

அவன் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன். நல்ல பையன். குடித்தனத்தில் மட்டும் ராசியில்லை என்று சொல்லலாமா? ராசியாவது மண்ணாவது, பொறுப்பில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவன் குடியிருந்த முதல் வீட்டில், தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமல் வேலைக்குப் போய்விட்டான். மதியம் தண்ணீர் வந்தது. கீழ்வீட்டு மெத்தைகள் நனைந்தன. இரண்டாவது வீட்டில், உடன் தங்கியிருந்த நண்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கதவைப் பூட்டிச் சாவியோடு கிளம்பிவிட்டான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர் பூட்டை உடைத்தார். வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் இவன் புகைப்படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கல்யாணமாகி எட்டு மாதம். அவள் அக்கா வீட்டுக் கூடத்தில் படுக்கிறாள். அவன் ரொட்டிக் கடை மாடியில், மாவு மூட்டைகளுக்கு நடுவில். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். கேட்டபோது எனக்கே மனசு கேட்கவில்லை. அதனால்தான் ஒரு வழி சொன்னேன்.

"உன் பேர்ல மட்டும் எடுத்துடும்மா. அவரு ஒரு வாரம் கழிச்சு பையோட வந்து சேரட்டும். யாரு கேக்கப் போறா?"

"எதுக்குண்ணே? என் வீட்டுக்காரரு என்ன திருட்டுப் பூனையா, பின்வாசல் வழியா வர்றதுக்கு?"

நான் கொடுக்கும் விண்ணப்பத் தாளில் 'முந்தைய வீட்டைக் காலி செய்த காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் 'வேலை மாற்றம்' என்று எழுதுவார்கள். வேலையே இல்லாதவன்கூட அதைத்தான் எழுதுவான். இவள் குழாய்க் கதையையும் பூட்டுக் கதையையும் ஒன்றுவிடாமல் எழுதி, இடம் போதாமல் பின்பக்கமும் திருப்பி எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன், "மெத்தை ரெண்டு, ஒண்ணு இல்ல," என்று திருத்தம் வேறு சொல்கிறான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த ஏழாவது வீட்டின் சொந்தக்காரி பல் டாக்டர். வீடு மாடியில், அவருடைய கிளினிக் நேர் கீழே. சமையலறைக்கு அடியில்தான் பல் பிடுங்கும் நாற்காலி. போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே கிளினிக்கில் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, டாக்டரம்மா தாளை இரண்டு பக்கமும் படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"நான் பல்லு புடுங்கிட்டு இருக்கும்போது தலைமேல தண்ணி கொட்டினா என்ன பண்றது?"

அவன் எழுந்து நின்றான். "தப்பு என்னோடதுதாங்க..." என்று இழுத்தவனின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தப்புதான் மேடம், இல்லேன்னு சொல்லல. நனைஞ்சதுக்குப் புது மெத்தை வாங்கிக் குடுத்துட்டாரு. பூட்டை உடைச்சவரு வீட்டுக்கும் நேர்ல போய் மன்னிப்பு கேட்டாச்சு. இன்னும் என்ன, ஆயுசுக்கும் மாவு மூட்டை மேலேயே படுக்கணுமா? மறைச்சுட்டு வர்றவங்களுக்கெல்லாம் வீடு குடுக்கறீங்க. சொல்லிட்டு வர்றவங்களுக்குக் கிடையாதா?"

வெளியே காத்திருந்த பல்வலிக்காரர் ஒருவர் முனகுவது கேட்டது. டாக்டரம்மா தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

"உன்ன நம்பி வீடு தரேன்மா. அவரும் இருக்கட்டும், வேணாங்கல. ஆனா சாவி உன் ஒருத்திகிட்டதான் இருக்கணும். நீ வேலை முடிஞ்சு வந்து தொறக்கற வரைக்கும் அவரு வெளிய இருந்துக்கட்டும்."

இழுப்பறையைத் திறந்தார். இரண்டு சாவி கோத்த வளையம். ஒன்றை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வாங்கிக்கம்மா, இதுக்கு மேல வாயத் தொறக்காத," என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். எட்டு மாதம் ஐயா! கும்பிட்டு வாங்க வேண்டிய சாவி.

வாயைத் திறக்கவில்லை. சாவியை எடுத்தாள். கணவனின் சட்டைப் பையில் போட்டாள். பிறகு டாக்டரம்மாவின் முன்னால் மறுபடியும் கையை நீட்டினாள்.