பெயர் தேடி டெல்லிக்கு

என் கணவர் யாழ்ப்பாணத்தில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடிந்திருக்கவில்லை. இந்தியப் படையோடு இலங்கைக்குப் போனவர். உடல் வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்களாம். கொஞ்ச நாள் கழித்து அவருடைய இரும்புப் பெட்டி மட்டும் பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மடித்து வைத்த சட்டைகள், ஜெபமாலை, நான் கொடுத்தனுப்பிய ஊறுகாயில் பாதி.

எங்கள் தெருவில் இலங்கைத் தமிழர்களுக்காக உண்டியல் குலுக்கியவர்களும் இருந்தார்கள். துக்கம் கேட்க வந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

மாமியார் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமனாரும் நானும்தான். கல்லறைத் திருநாள் வந்தால் அவர் தவித்துப் போவார். ஊரே கல்லறைகளைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றும். மகனுக்கு எங்கே ஏற்றுவது? கையில் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்து நடைபாதையிலேயே நின்றுகொண்டிருப்பார்.

கோயிலில் யாரோ ஒருவர் சொன்னார், போரில் செத்தவர்கள் பெயரையெல்லாம் டெல்லியில் இந்தியா கேட்டில் செதுக்கியிருக்கிறார்கள் என்று. அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டமாக வந்தார்.

"அவன் பேரு கல்லுல கீதும்மா! போய்ப் பாத்துட்டு வந்துடலாம், கெளம்பு."

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாஸ் இருந்தது. கிளம்பினோம். வழி நெடுக, எதிரே உட்கார்ந்தவர்களிடமெல்லாம் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலோரம் சாய்ந்து வேறொன்றை வேண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் அங்கே இருக்கக்கூடாது. பெயர் இல்லையென்றால் ஏதோ தவறு நடந்திருக்கிறது, அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார். உடலைப் பார்க்காதவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இந்தியா கேட் நான் நினைத்ததைவிடப் பெரியது. சுவரெல்லாம் பெயர்கள், இங்கிலீஷ் எழுத்தில், உச்சி வரைக்கும். நடுவில் ஒரு துப்பாக்கியைத் தலைகீழாக நிறுத்தித் தொப்பியை மாட்டியிருந்தார்கள்; பக்கத்தில் தீ எரிந்தது. சுற்றிலும் சங்கிலி. வெளியே புல்வெளியில் ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

மாமனாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "நீ படிம்மா, நீ படி," என்று என் தோளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நான் கழுத்து வலிக்க அண்ணாந்து படித்தேன். சிங், கான், ராம் என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் பொறுக்க மாட்டாமல் போவோர் வருவோரிடம் தமிழிலேயே கேட்க ஆரம்பித்தார்.

"இலங்கையில செத்தவங்க பேரு எந்தப் பக்கம் கீது?"

அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த சிப்பாய் ஒருவர் தமிழைக் கேட்டு நின்றார். என் கணவர் வயதுதான் இருக்கும்.

"ஐயா, இதெல்லாம் வெள்ளக்காரன் காலத்துச் சண்டையில செத்தவங்க பேரு. இலங்கைக்குப் போனவங்க பேரு இதுல இல்லீங்க."

"வேற எங்கனா கீதா, நைனா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்கய்யா." பிறகு, "நானும் அங்க போய் வந்தவன்தான்," என்றார்.

பெயர் இல்லை. நான் வேண்டியது நடந்துவிட்டது. ஆனால் எனக்கு எதிரே, இலங்கைக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் எப்போதோ வந்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தந்தி வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மாமனார் அழவில்லை. என்னைப் புல்வெளிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் அவனுக்கு ஒரு கல்லு தேடிக்கினு கீறேன். நீ இன்னாத்துக்கும்மா என்னோட ஒக்காந்துகினு கீற? வேற கல்யாணம் பண்ணிக்கோ."

"மாமா, இங்க வந்துதானா இதச் சொல்லணும்?"

"வேற எங்க சொல்றது? ஊட்டுல அவன் போட்டோ கீது. அது முன்னாடி என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது ரயிலில் அவர் யாரிடமும் பேசவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு கள்ளிக்குப்பம் கோயிலில் எனக்கு மறுமணம் நடந்தது. என் அப்பா உயிரோடு இல்லை. மாமனார்தான் என் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்துப்போனார். பூசை முடிந்து எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது தேடினேன். சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார் என்றார்கள்.