பாலசுந்தரம் எதிர்த்த மாடிவீடு

பள்ளிபாளையத்தில் பாலசுந்தரத்தின் வீட்டுக்குத் தெற்கே ஒரு காலிமனை. தெருவில் மற்ற இடமெல்லாம் வீடாகிவிட, அது மட்டும் வேலிக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சொந்தக்காரர் சேலத்தில் இருந்தார். எப்போதாவது வந்து எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

பாலசுந்தரம் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் குமரன் பெங்களூரில். மனைவி கந்தம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டதிலிருந்து அவர் வெளியே போவதே அரிதாகிவிட்டது. அவள் கூப்பிட்டால் கேட்க வேறு ஆள் இல்லை. கட்டிலைத் தெற்கு ஜன்னலோரம் போட்டிருந்தார். அந்த அறைக்கு வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான்.

போன வருஷம் மாசியில் ஒருநாள் பொக்லைன் வந்து முள்ளையெல்லாம் வழித்தெடுத்தது. மூன்று மாடி, ஆறு குடித்தனம் என்று பேச்சு அடிபட்டது. தெரு கொதித்துப்போனது.

“ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு ஒருநாள் உட்டு ஒருநாள்தான் தண்ணி வருது. இன்னும் ஆறு ஊடுன்னா நாம என்னத்தக் குடிக்கறது?” என்றார் எதிர்வீட்டு மயில்சாமி. வண்டி எங்கே நிறுத்துவார்கள், யார் எவரென்று தெரியாதவர்கள் வந்துவிடுவார்களே என்று ஆளுக்கொரு கவலை. எல்லோருக்கும் முன்னால் நின்றவர் பாலசுந்தரம். கந்தம்மாள் தூங்கும் நேரம் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கினார். நகராட்சிக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார். தண்ணீர், வண்டி என்று மற்றவர்கள் சொன்னதையே அவரும் சொன்னார். தன் கவலையை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவியின் நோயைக் காட்டி இரக்கம் கேட்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சேலத்துக்காரர் தன் இன்ஜினியர் கிருத்திகாவைத் தெருக்காரர்களிடம் பேச அனுப்பினார். கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். வண்டி நிறுத்தக் கட்டடத்துக்கு அடியிலேயே இடம் விடுவோம், புழங்கும் தண்ணீருக்குத் தனி போர் போடுவோம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

“அப்படின்னா சரிதானுங்க” என்று மயில்சாமியே இறங்கி வந்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பாலசுந்தரம் மட்டும், “முடியாதுங்க” என்றார்.

“உங்களுக்கு என்னங்கய்யா குறை?” என்று கிருத்திகா கேட்டாள்.

அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். அவள் விடாமல் பின்னாலேயே வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டினார்.

“இவ பாக்கறதுக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு ஜன்னல்தான் சாமி. நீங்க செவுரு எழுப்புனா அதுவும் அடைஞ்சு போயிரும்.”

கட்டிலிலிருந்து கந்தம்மாள் பேசினாள். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும்.

“ஏனுங்க, இதுக்குத்தான் ஊரக் கூட்டுனீங்களா? என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“உனக்காகத்தான புள்ள...”

“அந்த முள்ளுக்காட்டப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சுங்க. ஒரு மனுச மொகம் இல்ல. நாலு குடித்தனம் வந்தா பேச்சுச் சத்தமாச்சும் கேக்கும். வெளிச்சந்தான் வேணும்னா அதுக்கு வழிய அந்தப் புள்ளையக் கேளுங்க.”

பாலசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் யாருக்காக மல்லுக்கு நின்றோம் என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. மறுகணம் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போலவும் இருந்தது.

கிருத்திகா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். மாடிப்படி தெற்குக் கோடியில் வருவதாக இருந்தது. அதை இந்தப் பக்கம் மாற்றி, சுவர் வைக்காமல் திறப்பாக விட்டு, இடைவெளியையும் கூட்டினால் வெளிச்சம் வரும் என்றாள். சேலத்துக்காரர் அறை சிறுத்துப்போகும் என்று முதலில் முரண்டு பிடித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

கட்டி முடிக்கும்வரை தூசியும் இரைச்சலும் சொல்லி மாளாது. பாலசுந்தரம் ஜன்னலில் ஈரத்துணி கட்டி வைத்தார். முடிந்த பிறகு மதிய வெயில் முன்னைப் போல் முழுசாக வரவில்லை. ஆனால் கந்தம்மாள் முகம் தெளிந்திருந்தது. படியேறுகிற ஒவ்வொருவரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் மாடிக்கு வந்த வித்யா தையல் வேலை செய்கிறவள். பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பாள். தண்ணீர்க் குடத்தோடு படியில் நின்று, “அக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவாள்.

ஒருநாள் சாயங்காலம் கந்தம்மாளே சொன்னாள். “ஏனுங்க, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க. வித்யா இருக்கறா, கூப்புட்டா ஓடியாந்துருவா.”

பாலசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு காவிரிப் பாலம் வரை நடந்தார். தெரிந்த கடையில் டீ குடித்தார். பழைய ஆலை நண்பர்கள் இருவர் அகப்பட்டார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று அவர்களோடு வெகுநேரம் பேசினார். வீட்டு நினைப்பு ஒருமுறைகூட அவரை இழுக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு அந்தப்புறம் வித்யா படியில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். “வந்துட்டேன் புள்ள” என்றார். கந்தம்மாள் திரும்பாமலே வலது கையைத் தூக்கி, “இருங்க, முடியட்டும்” என்றாள்.