ஓர் அகப்பைச் சாறு

என் தம்பியின் நோன்பை நான் கெடுத்தேன். தெரியாமல் நிகழ்ந்த பிழை என்று சொல்ல வழியில்லை. கையில் அகப்பையோடு, கண் திறந்தபடி, சினத்தோடு கெடுத்தேன். நான்கு ஆண்டுகளாக அதை மறைத்தும் வருகிறேன்.

உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். நீங்கள் இரங்கினால் இன்னும் கோபந்தான் வரும்!

அந்தத் தவக்காலத்தில் தம்பி சூசையின் மனைவி புஷ்பம் இருதய அறுவைக்காக எங்கள் தீவில், ஜார்ஜ் டவுன் மருத்துவமனையில் கிடந்தாள். அவள் பிழைக்க வேண்டுமென்று சூசை நேர்ந்துகொண்டான்: நாற்பது நாளும் இறைச்சி, மீன், முட்டை எதுவும் நாவில் படாது. அக்கரையிலுள்ள மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை முடிந்ததும் கடல் தாண்டி வந்து அவளைப் பார்ப்பான். பிறகு என் வீட்டில் உண்டுவிட்டுத் திரும்புவான். பள்ளியில் நாள் முழுதும் தமிழ் கற்பித்துவிட்டு வந்து, அவனுக்கென்று தனிச்சட்டியில் சுத்தபோசனம் சமைத்தேன். அலுக்காமல்... அலுக்காமலா? பாருங்கள், இங்கேயும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டேனே!

அலுத்துத்தான் போயிருந்தேன்.

அயர்லாந்தில் படித்துவிட்டு வந்த என் மகள் ரீத்தா, அங்கிருந்து வந்திருந்த தோழியர் இருவருக்காக வீட்டில் புனித பேட்ரிக் திருநாளைக் கொண்டாட விரும்பினாள். தவக்காலத்தின் நடுவே வரும் திருநாள். அவர்கள் நாட்டில் அன்றைக்கு நோன்புக்கு விலக்கு உண்டாம். எனக்கும் ஆசைதான். கூடமெங்கும் அத்திருநாளுக்குரிய பச்சைப் பலூன்கள். பாண்டான் இலைச்சாறு கலந்து பச்சையாக்கிய ரொட்டி. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் இட்டுக் கொதித்த அயர்லாந்துக் குழம்பு. என் தலையில் பச்சைக் காகிதத் தொப்பி! மருத்துவமனை வாடை இல்லாத ஒரே ஒரு மாலை... அதை விரும்பியதா குற்றம்?

சூசை வாசலில் நின்றான்.

“என்னக்கா இது? தவக்காலத்துல பலூன் கட்டிக் கூத்தா? அங்க புஷ்பம் மூச்சுக்கு அல்லாடுறா, நீ தொப்பி மாட்டிக்கிட்டு நிக்கிற. வெக்கமா இல்லயா லா?”

தோழியரில் ஒருத்தி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். ரீத்தா ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, இருவரும் கைதட்டினார்கள்.

“உங்க தொப்பி ரொம்ப அழகா இருக்குன்னு மாமா சொல்றாருன்னு சொல்லிட்டேம்மா,” என்று ரீத்தா என் காதருகே முணுமுணுத்தாள்.

அந்தக் கைதட்டல்! அது என்னை எரித்தது. அத்தனை மாலைகளில் ஒன்றிலேனும் “நீ சாப்பிட்டியாக்கா” என்று கேட்டிருப்பானா இவன்?

அடுப்பறைக்குச் சென்றேன். அவனுடைய சட்டியில் வெறும் உருளைக்கிழங்கு சூப்பு இருந்தது. ஆட்டுக்குழம்பில் அகப்பையை முக்கி, துண்டெதுவும் வராமல் சாற்றை மட்டும் மொண்டு, அவன் சட்டியில் ஊற்றிக் கலக்கினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியதென்று எழுத எத்தனை ஆசை!

அடுப்பறை மேசையிலேயே அமர்ந்து உண்டான்.

“கோச்சுக்காதக்கா. ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன்ல, வாய் தப்பாப் பேசிருச்சு. வெறும் கெழங்குல இவ்ளோ ருசியா? இன்னும் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினேன். கேட்டீர்களா? அவன் மன்னிப்புக் கேட்ட பின்னரும் ஊற்றினேன்!

அறுவைக்குப் பின் புஷ்பம் கண் விழிக்கவில்லை. நோன்பு முடியுமுன்பே அவளை அடக்கம் செய்தோம்.

ஓர் அகப்பைச் சாற்றுக்காகக் கடவுள் ஒரு பெண்ணின் உயிரைப் பறிப்பதில்லை. அதை நான் அறிவேன். அப்படிப் பறிப்பவர் என்றால் அவரோடு எனக்குப் பேச்சில்லை! ஆனால் சூசை அவ்வாறு நினைக்கவில்லையே... மறுவாரம் என் எதிரே அமர்ந்து, தன் நோன்பு நாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

“எங்க தப்பு பண்ணுனேன்கா? ஒரு நாள் கேன்டீன்ல மீ கோரெங் சாப்ட்டேன். எறால் போடாதன்னுதான் சொன்னேன். ஆனா எறால் போட்டுப் பெரட்டுற அதே சட்டிதானே... அதுலதான் போயிருச்சோ?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்தது.

“இருக்கலாம் தம்பி.”

சாற்றை ஊற்றியபோது சினமாவது இருந்தது. இதைச் சொன்னபோது அதுகூட இல்லை. தப்பித்துக்கொள்ளும் அற்பத்தனம் மட்டுமே! மனைவியின் சாவை அவன் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தடுமாறிக்கொண்டிருந்தான். ஏற்றக் கைகொடுத்தவள் நான்.

பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் “பொய் சொன்னேன்” என்றேன், அண்டை வீட்டாரிடம் சொன்ன சில்லறைப் பொய்களோடு சேர்த்து. மூன்று முறை அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எந்தப் பொய்க்கு?

இப்போது ஒவ்வொரு தவக்காலமும் புஷ்பத்தின் ஆன்மாவுக்காக நோன்பிருக்கிறான். கேன்டீனில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேலை முடிந்ததும் கடல் தாண்டி நேரே என் வீட்டுக்கு வருகிறான்.

“வெளியில எவனையும் நம்ப முடியாது லா. நீ ஆக்குனா மட்டுந்தான்கா பயமில்லாம சாப்பிட முடியுது.”

நேற்றும் வந்தான். சட்டியில் வெறும் கிழங்குச் சூப்புதான். கிண்ணத்தை நீட்டினான். எனக்குக் கோபம் பொங்கியது. ஏன் இப்படி நம்புகிறாய், மூடனே! ஒரு முறையேனும் சட்டிக்குள் எட்டிப் பாரேன்!

அவன் பார்க்கவில்லை. தலை குனிந்து செபம் சொன்னான். நான் ஊற்றினேன்.