கீழ் வலது மூலை

என் பழைய கணினியில் ‘மூலைகள்’ என்றொரு கோப்புறை இன்னும் கிடக்கிறது. உள்ளே நான்கு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு கால்வட்டம். அரிசிமணி அளவுகூட இராது. கணினித்துறைக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த அந்த மே மாதம், நாங்கள் புலம்பெயர்ந்திருந்த நகரின் மல்வேர்ன் பகுதியில், பிளாசா எனப்படும் கடைத்தொகுதி ஒன்றின் மாடியில், தமிழ் இணையத்தளம் ஒன்றுக்குப் பக்கங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வன்னியில் தொடர்பற்றுப்போன உறவுகளைத் தேடுவோருக்காக ஒரு பக்கம் போடச் சொன்னார் முதலாளி. தொலைபேசியில் பெயர்களைக் கேட்டுத் தட்டச்சுச் செய்தவர், அலுவலகத்தில் எல்லோரும் அன்ரி என்று கூப்பிட்ட பெண். நகர மையத்துச் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயும் பஸ்ஸும் மாறி வருவார். முதற்பெயராகத் தன் தங்கையின் பெயரைத்தான் அடித்திருந்தார். தப்பிவந்த சனத்தை அடைத்துவைத்திருந்த முகாம்களில் சொந்தக்காரர் உள்ள யாராவது அதைப் பார்த்து அழைக்கமாட்டார்களா என்பதே அவருக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை.

பெயர்கள் வெள்ளிக்கிழமையே தயார். தயாராகாதவன் நான். ஒவ்வொரு பெயரும் மூலை வளைந்த பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்பது என் கலைத்தாகம். புதிய பிரவுசர்கள் ஒரு வரிக் கட்டளைக்கு வளைந்து கொடுத்தன. எங்கள் சனம் அதிகம் வைத்திருந்த பழைய பிரவுசருக்கோ வளைவென்றால் என்னவென்றே தெரியாது. நாலு மூலையிலும் படம் ஒட்டி அதை ஏமாற்றவேண்டும். மூன்று மூலைகள் அடங்கின. கீழ் வலது மூலை மட்டும், ஊர்ச்சங்கக் கூட்டத்தில் கோபித்துக்கொண்டு எழும்பிய பொருளாளர் மாதிரி, ஒரு புள்ளி தள்ளியே நின்றது.

“போடும் ஐசே, பேந்து வளைப்பம்,” என்றார் முதலாளி. நான் மறுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஒற்றைப் புள்ளியோடு மல்லுக்கட்டினேன். அன்ரி பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, பேர் வாசிக்கலாமோ?”

“ஓம் அன்ரி. ஆனா உந்த மூலை...”

“கூரா இருந்தா ஆருக்குக் குத்தப்போகுது?”

நல்ல பகிடி என்று சிரித்தேன். பிறகு, நேர்த்தி என்றால் என்ன என்று அவருக்கு ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். என் அந்தக் குரலை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

திங்கள் காலை பக்கம் வெளியானது. மத்தியானமே ஒருவர் அழைத்தார். அன்ரி ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்கட தங்கச்சி என்ர மாமியின்ர கூடாரத்திலதான் இருந்தவ. சனிக்கிழமை மாமி என்னோட போனில கதைக்கேக்க பக்கத்தில நிண்டவவாம். நேற்று பஸ்ஸில ஏத்தி வேற முகாமுக்குக் கொண்டு போட்டினம். எங்கையெண்டு தெரியேல்லை, அக்கா.”

அன்ரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். தங்கையின் பெயர் இருந்த பெட்டியை நெடுநேரம் பார்த்தார்.

“மூலை வடிவா வந்திருக்குத் தம்பி,” என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

தங்கையை ஏற்றிப்போன பஸ் எங்கே போய் நின்றது என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது எந்த பிரவுசரிலும் ஒரே வரி போதும்; ஃபோனில் கைபட்டதெல்லாம் வழுவழுவென்று வளைந்திருக்கிறது. நேற்று அந்தக் கோப்புறையைத் திறந்து, கீழ் வலது மூலையைத் திரை முழுக்கப் பெருப்பித்துப் பார்த்தேன். வளைவே இல்லை. வெறும் சதுரங்கள், படிப்படியாக.